54 வருஷம் கழித்து அம்மாவோடு ரங்கூன்: 29-ஆம் தெரு வீடு

வியாசை_சேகர் | ஜனவரி 6, 2019

வணக்கம். இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். ஆனால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள்.

அம்மா பிறந்தது ரங்கூனில், 1953-இல். தாத்தாவுக்கு ஸ்காட் மார்க்கெட்டில் துணிக்கடை. 1964 மார்ச்சில் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அதற்குப் பிறகு தாத்தா அதிகம் யோசிக்கவில்லை. ஆகஸ்டில் கப்பல். துறைமுகத்தில் பாட்டியின் வளையலைக் கழற்றச் சொன்னபோது சோப்பு போட்டும் வரவில்லையாம். அதைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அப்போது 11 வயது. சென்னையில் இறங்கி, முகாமில் இருந்து, கடைசியில் வியாசர்பாடியில் வேர் விட்டோம்.

போன மாதம் அரையாண்டு விடுமுறையில் அம்மா, நான், மனைவி, மகள் நாலு பேரும் பாங்காக் வழியாகப் போய் வந்தோம். அம்மாவுக்கு ஞாபகம் இருந்த முகவரி இவ்வளவுதான்: 29-ஆம் தெரு, இரண்டாம் மாடி. வீட்டு எண் தெரியாது.

இரண்டாம் நாள் காலையில் டாக்ஸி ஸ்ட்ராண்டு ரோட்டுப் பக்கமிருந்து 29-ஆம் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒல்லி ஒல்லியாக மாடி வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்குகிறது, நுனியில் ஒரு கிளிப். மேல் முனையில் மணி கட்டியிருப்பார்கள். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். காலிங் பெல்லும் அதுதான், லிஃப்டும் அதுதான். மகள் அதை விட்டு நகரவே இல்லை.

அம்மா மெதுவாக நடந்தார். ஒரு வீட்டு முன்னால் நின்றார். இரும்புக் கம்பியில் பூ வேலை செய்த பால்கனி. "இதுதான்" என்றார். மேலே ஒரு பர்மியப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், நாற்பது வயது இருக்கலாம். அம்மா அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னார். பர்மிய மொழியில்! நான் பிறந்து 41 வருஷத்தில் அம்மா வாயிலிருந்து பர்மிய மொழியில் வசவு தவிர வேறு எதையும் கேட்டதில்லை. அந்தப் பெண் உள்ளே போனார். ஒரு நிமிஷத்தில் கயிறு இறங்கி வந்தது. கிளிப்பில் சாவி.

நாங்கள் யாரென்றே தெரியாது. சாவியைக் கீழே அனுப்பிவிட்டார்.

ஏணி மாதிரி செங்குத்தான படி. வீடு ரயில் பெட்டி போல நீளம், முன்னாலும் பின்னாலும் மட்டும் வெளிச்சம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போய் அடுப்படி ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். கூடத்தில் புத்தர் படம் வைத்திருந்த பலகையைக் காட்டி, "இங்கதான் நம்ம முருகன் படம் இருந்துச்சு" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் டீ போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரம் இருந்தோம். அம்மாவை "அமே, அமே" என்றே கூப்பிட்டார். அமே என்றால் அம்மா.

இதற்கு மேல் எழுத வரவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

---

தெற்குவாசல்_சாந்தி | ஜனவரி 6

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தம்பி. நாங்களும் 64-இல் வந்தவர்கள்தான். நான் கைக்குழந்தை, ஒன்றும் ஞாபகம் இல்லை. எங்கள் அக்கா இன்னமும் தூக்கத்தில் பர்மிய மொழி பேசுவாள்.

---

முறுக்குமீசை | ஜனவரி 6

படம் எங்கே? படம் போடாமல் பயணக் கதை எழுதுவதைத் தடை செய்ய வேண்டும்.

---

காரைக்குடியான் | ஜனவரி 7

எங்கள் வீட்டுக் கதை இதற்கு முந்தைய தலைமுறை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது ஐயா அங்கே வட்டிக்கடைப் பெட்டியடியில் கணக்குப்பிள்ளை. அடுத்த மார்ச்சில் ரங்கூனே விழுந்துவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியில் நடந்து வந்தார்களே, அதில் அவரும் ஒருவர். வழியில் பார்த்ததை அவர் சொன்னதே இல்லை. யாராவது சோற்றை வீணாக்கினால் மட்டும் எழுந்து போய்விடுவார். நீங்கள் கப்பலில் வந்தவர்கள், ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்ல வந்தேன். வளையல் கதையைப் படித்ததும் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

ஐயாவும் ஒரு தடவை போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். நடக்கவில்லை. எங்கள் வீட்டுத் தூண்கள் பர்மா தேக்கு. அதைத் தடவிப் பார்ப்பதோடு சரி.

---

ஏழாம்நம்பர் | ஜனவரி 7

எல்லாரும் நெகிழ்ந்துகொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் அப்பாவும் ரங்கூன்தான். டிக்கெட் போடுகிறேன் என்று மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் மறுத்துவிட்டார். "இப்ப என் மனசுல அது ஒரு ஊரா இருக்கு. போய்ப் பார்த்தா ஒரு தெருவா ஆயிடும்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. பிள்ளைகள் நம் ஆசைக்குப் பெரியவர்களை இழுத்துக்கொண்டு போகிறோமோ என்று ஒரு சந்தேகம். சேகர், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

வியாசை_சேகர் | ஜனவரி 7

தவறாக எடுக்கவில்லை. அம்மாவும் முதலில் வேண்டாம் என்றார். பேத்திதான் கேட்டுக் கேட்டுச் சம்மதிக்க வைத்தாள்.

விவரம் கேட்டுத் தனிமடலில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இ-விசா ஆளுக்கு 50 டாலர், மூன்று நாளில் வந்துவிட்டது. நம்மைவிட அவர்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால். ஷ்வேடகோன் புத்தர் கோயிலில் வெளிநாட்டுக்காரர்களுக்கு 10,000 சாட் வாங்கினார்கள். எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் கிழித்தார்கள். அம்மா வாசலில் இருந்தவரிடம் "தமின் சா பீ பீ லா" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போகச் சொல்லிவிட்டார். ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் நாங்கள் போனபோது 200 சாட்தான், மூன்று மணி நேரம், 46 கிலோமீட்டர். கூடைக்காரிகள், கீரைக் கட்டு, கோழி எல்லாம் கூடவே வந்தன.

ரோடு கடக்கும்போது மட்டும் அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் இருந்த காலத்தில் அங்கே வண்டிகள் நம்மூர் போல இடப்பக்கம் ஓடின. 1970-இல் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இதில் வேடிக்கை, பழைய ஜப்பான் கார்களாகப் பார்த்து வாங்கி வைத்திருந்ததால் ஸ்டியரிங்கும் வலது பக்கத்தில்தான். பஸ்ஸிலிருந்து நடுரோட்டில் இறங்குவது போலிருக்கும்.

ஸ்காட் மார்க்கெட்டுக்கும் போனோம். இப்போது அதன் பெயர் போஜோ ஆங் சான் மார்க்கெட். தாத்தா கடை இருந்த வரிசையில் இன்று பச்சைக்கல் நகை. தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு அம்மாதான் தனியாகக் கடைக்குப் போவாராம். "வாசல்ல இருந்து பார்த்தாலே மார்க்கெட் தெரியும்டா. ஒரே ஒரு பெரிய ரோடு, அதை மட்டும் யாராவது கையைப் புடிச்சுத் தாண்டி விடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் காளி கோயில் மணி கேட்டால்தான் வீட்டில் எழுந்திருப்பார்களாம்.

---

அண்ணாநகர்_ஆர்வி | ஜனவரி 8

அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டீர்களா? பாரிமுனையில் கிடைப்பதும் அங்கே கிடைப்பதும் ஒன்றா?

---

வியாசை_சேகர் | ஜனவரி 8

சாப்பிட்டோம். அம்மாவின் தீர்ப்பு: "நம்ம பாரீஸ் கார்னர்ல இதைவிட நல்லாப் போடறான்." அங்கே எலுமிச்சையும் வறுத்த கடலை மாவும் தூக்கல், நம்மூரில் வெங்காயமும் மிளகாயும் தூக்கல். மொகிங்காவில் மட்டும் அம்மா அவர்கள் பக்கம். வாழைத்தண்டு போட்ட அந்த மீன் குழம்பை மூன்று நாளும் காலையில் அதே தள்ளுவண்டியில்தான் சாப்பிட்டார்.

---

முறுக்குமீசை | ஜனவரி 8

பாரிமுனையில் அத்தோவோடு வரும் முட்டை இருக்கிறதே, அதைக் கீறி வெங்காயத்தை அடைத்து...

---

மட்டுறுத்துநர் | ஜனவரி 8

அத்தோவுக்குத் தனி இழை இருக்கிறது, 14 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள்.

---

பபேடன்_பையன் | ஜனவரி 10

சேகர் அண்ணே வணக்கம். நான் யாங்கோனில் (ரங்கூனோட இப்போதைய பேர்) பிறந்து இங்கேயே இருக்கிற தமிழ் ஆள். தமிழ் எழுத்து கோயில் வகுப்பில் படிச்சது, பிழை இருந்தா மன்னிக்கணும். உங்க பதிவை எங்க வீட்டில் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். எங்க ஆயா அழுதாங்க.

ஒரு விஷயம் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எங்க ஊர் நம்பர் தெரு எல்லாம் ஆத்தங்கரையில் இருந்து வடக்கே ஒரே நேரா போகும். குறுக்கே பெரிய ரோடுகள் வெட்டும். அதனால ஒரே தெருவுக்குக் கீழ் பிளாக், நடு பிளாக், மேல் பிளாக்னு மூணு துண்டு. ஸ்ட்ராண்டு பக்கம் இருந்து நுழைஞ்சா அது கீழ் பிளாக். நீங்க போனது அங்கே.

கீழ் பிளாக்கில் இருந்து ஸ்காட் மார்க்கெட் போக மகாபண்டுலா, அனவ்ரதா, போஜோ, மூணு பெரிய ரோடு தாண்டணும். வெள்ளைக்காரன் காலத்தில் முதல் ரெண்டுக்கும் டல்ஹௌசி, ஃப்ரேசர்னு பேர். பதினோரு வயசுப் பொண்ணைத் தினம் தனியா அனுப்பற தூரம் இல்லை. மார்க்கெட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே ரோடு தாண்டினா மார்க்கெட்னா அது மேல் பிளாக்தான், அனவ்ரதாவுக்கும் போஜோவுக்கும் நடுவில். காளி கோயில் அனவ்ரதா ரோட்டில்தான் இருக்கு. மேல் பிளாக்குக்கு மணி நல்லாக் கேட்கும்.

அம்மா அழுதது வேறு வீடுன்னு நினைக்கிறேன் அண்ணே. மன்னிக்கணும்.

---

தெற்குவாசல்_சாந்தி | ஜனவரி 10

அடக் கடவுளே.

---

முறுக்குமீசை | ஜனவரி 10

தம்பி, தெரிந்தாலும் இதையெல்லாம் சபையில் சொல்வார்களா?

---

காரைக்குடியான் | ஜனவரி 11

அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. என்னிடம் பழைய ரங்கூன் வரைபடத்தின் நகல் ஒன்று உண்டு, நேற்று ராத்திரி விரித்துப் பார்த்தேன். டல்ஹௌசி, ஃப்ரேசர் இரண்டும் குறுக்கே நன்றாகத் தெரிகின்றன. அம்மா சொன்ன அடையாளம் மூன்றில் மார்க்கெட், கோயில் மணி இரண்டும் மேலே இழுக்கின்றன. பால்கனிப் பூ வேலை மட்டும்தான் கீழே இழுக்கிறது. அது அங்கே எல்லா வீட்டிலும் இருப்பதுதான், அதைச் சாட்சியாக எடுக்க முடியாது.

---

ஏழாம்நம்பர் | ஜனவரி 11

ஆக, ஊர் தெருவாகக்கூட ஆகவில்லை. வேறு யாருடைய வீடாகவோ ஆகிவிட்டது. கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே இரண்டு முறை படித்தேன். புத்தர் பலகையைப் பார்த்து "இங்கதான் முருகன் படம்" என்றாரே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அந்த வீடுகள் எல்லாம் ஒரே அச்சு என்றால் பலகையும் அதே இடத்தில்தானே இருக்கும்.

சேகர், அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?

---

வியாசை_சேகர் | ஜனவரி 11

இல்லை. பபேடன் தம்பி எழுதியதை நான்கு முறை படித்தேன். தம்பி, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தப்பு என்மேல்தான். பிளாக் கணக்கு எனக்குத் தெரியாது. டாக்ஸி நுழைந்த பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். அம்மா நின்ற இடத்தில் எல்லாரும் நின்றுவிட்டோம்.

அந்த வீட்டில் எடுத்த படத்தை அம்மா சட்டம் போட்டு பூஜை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். சொல்வதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

---

தெற்குவாசல்_சாந்தி | ஜனவரி 11

சொல்லாதே தம்பி. என்ன கெட்டுப்போச்சு? அவர் மனசுக்கு அதுதான் வீடு. 54 வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை வெளியே வந்துவிட்டது. எந்த வீட்டில் வந்தால் என்ன?

---

காரைக்குடியான் | ஜனவரி 12

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 65 வயது என்பது ஒன்றும் குழந்தை வயது இல்லை. இங்கே முப்பது பேருக்குத் தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது மரியாதையா? நாளைக்குப் பேத்தி உளறிவிட்டால்?

---

அண்ணாநகர்_ஆர்வி | ஜனவரி 12

அவர் அழுதது வீட்டுக்காகவா, பர்மிய மொழி நாக்கில் திரும்பி வந்ததற்காகவா? எங்கள் பாட்டி மொரேயில் இருந்தவர். 64-க்கு அப்புறம் நடந்தாவது பர்மா திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் எல்லை வரை போனார்கள், அந்தப் பக்கம் விடவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். எல்லைக்கு அப்பால் தமு சந்தைக்குப் போய் அங்கே பர்மிய மொழியில் பேரம் பேசினாலே பாட்டிக்கு முகம் மலர்ந்துவிடும். வீடு, தெரு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. என் ஓட்டு: சொல்ல வேண்டாம்.

---

ஏழாம்நம்பர் | ஜனவரி 12

சொல்லுங்கள். எங்கள் அப்பாவாக இருந்தால், தெரிந்துகொண்டே மறைத்தேன் என்பதைத்தான் மன்னிக்க மாட்டார்.

---

பபேடன்_பையன் | ஜனவரி 13

இன்னைக்கு ஞாயிறு, மேல் பிளாக் போய்ப் பார்த்தேன் அண்ணே. பாதிக்கு மேல் புதுக் கட்டடம், லிஃப்ட் வெச்சது. பழசு கொஞ்சம்தான் நிக்குது. நம்பர் இல்லாம எதுன்னு சொல்ல முடியலை. கீழே என்ன கடை இருந்துச்சுன்னு அம்மாவுக்கு ஞாபகம் இருந்தா கேட்டுச் சொல்லுங்க, வயசானவங்களை விசாரிக்கிறேன். தெரு நடுவில் நின்னு வடக்கே பார்த்து ஒரு படம் எடுத்தேன், கடைசியில் மார்க்கெட் தெரியுது. உங்களுக்குத் தனியா அனுப்பியிருக்கேன்.

---

வியாசை_சேகர் | ஜனவரி 20

ஒரு வாரமாக எழுதவில்லை. பொங்கல் வந்துவிட்டது. அது சாக்குதான், பயம்தான் காரணம்.

மாட்டுப் பொங்கல் அன்று சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். முதலில் பபேடன் தம்பி அனுப்பிய படத்தைப் போனில் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "மார்க்கெட்" என்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே, "அப்ப நாம போனது?" என்று கேட்டார். வரைபடம் எல்லாம் தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கோபம் வந்தது. என்மேல் இல்லை, அவர்மேலேயே. "படி ஏறறப்பவே நினைச்சேன், கைப்பிடி எடது பக்கம் இருக்கேன்னு. வயசாச்சு, மறந்திருப்பேன்னு விட்டுட்டேன்" என்றார். கீழே என்ன கடை இருந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் இடிச்சிருப்பான், விடு" என்று எழுந்து போய்விட்டார்.

ராத்திரி பத்து மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினார். "அந்தப் பொண்ணு நம்மைப் பத்தி என்னடா நினைச்சிருப்பா? சம்பந்தமே இல்லாத ஒருத்தி வீட்டுக்குள்ள பூந்து, என் வீடு என் வீடுன்னு அழுதிருக்கேன். சாமிப் பலகையில கை வெச்சிருக்கேன். அவ பாட்டுக்கு டீ போட்டுக் குடுத்திருக்கா. வீட்டைக் கேட்டு வந்துட்டாங்களோன்னு பயந்திருப்பாளோ?" இதுதான் அவருக்கு உறுத்தல். வீடு தவறியது இல்லை.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. போன் நம்பரும் வாங்கவில்லை.

---

தெற்குவாசல்_சாந்தி | ஜனவரி 20

அம்மா காலில் விழ வேண்டும் போலிருக்கிறது.

---

பபேடன்_பையன் | ஜனவரி 21

அம்மாகிட்ட சொல்லுங்க, இங்கே யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க. ஆனா அவங்க எதாவது சொல்லணும்னா நான் போய்ச் சொல்றேன். கீழ் பிளாக் எனக்கு பத்து நிமிஷ நடை. பால்கனிப் படம் மட்டும் அனுப்புங்க.

---

வியாசை_சேகர் | ஜனவரி 27

அம்மா கடிதம் எழுதியிருக்கிறார். பர்மிய எழுத்தில்! ஐந்தாம் வகுப்பு வரை அங்கே படித்தவர். மூன்று நாள் ஆனது. பேத்தியின் கோடு போட்ட நோட்டில் முதலில் வெறும் வட்டம் வட்டமாக எழுதிப் பார்த்தார். சில எழுத்து மறந்துவிட்டது என்று மகள் போனில் தேடிக் காட்டினாள். "இது இல்லடி, வால் இந்தப் பக்கம்" என்று பேத்தியைத் திட்டிவிட்டு, அரை மணி கழித்து அவள் காட்டியதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்.

என்ன எழுதியிருக்கிறார் என்று எங்களிடம் சொல்ல மறுக்கிறார். தம்பி, படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அச்செடுத்துக் கொடுக்க முடியுமா?

---

பபேடன்_பையன் | பிப்ரவரி 3

அண்ணே, இன்னைக்குக் காலையில் போனேன்.

கடிதத்தை நான் படிச்சேன், மன்னிக்கணும். அச்செடுக்கும்போது கண்ணில் பட்டுச்சு. முழுசும் சொல்ல மாட்டேன், அது அம்மாவோடது. எழுத்து எங்க ஆயா காலத்துப் பள்ளிக்கூட எழுத்து மாதிரி உருண்டையா அழகா இருக்கு. நாலு இடத்தில் பிழை, நான் திருத்தலை. கடைசி ரெண்டு வரி மட்டும் சொல்றேன்: "உங்கள் வீட்டை என் வீடு என்று நினைத்துவிட்டேன். டீ நன்றாக இருந்தது."

பால்கனியில் யாரும் இல்லை. கடிதத்தை மடிச்சு கிளிப்பில் மாட்டினேன். கயிற்றை ஆட்டினேன், மேலே மணி கேட்டது. ஒரு கை மட்டும் தெரிஞ்சது. கயிறு மேலே போச்சு. நான் எதிர்ப் பக்கம் டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்துக்கிட்டேன்.

டீ பாதிகூடக் குடிச்சிருக்க மாட்டேன், கயிறு திரும்ப இறங்கி வந்துச்சு. கிளிப்பில் சாவி.